குடிக்க வேண்டிய மருந்து

பாளையங்கோட்டை
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை

அன்பு மகள் ஜெசிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை ஹெப்ரானும் பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அம்மாவுக்குச் சுகமில்லை. வழக்கமாக நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லாமல் இதென்ன காகிதமும் பேனாவும் என்று நீ நினைப்பாய். அம்மாவை முன்னறையில்தான் படுக்கவைத்திருக்கிறேன், கக்கூஸுக்குப் பக்கம் அதுதான். உடம்பில் மற்றதெல்லாம் ஓய்ந்துபோனாலும் காது மட்டும் ஓயவில்லை, நான் மாடிப்படியில் நின்று பேசினாலும் யாருட்ட பேசுதீய, ஜெசியா, என்ன சொல்லுதா என்று அங்கிருந்தே கேட்டுவிடுவாள். அதோடு, இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. மத்தியானக் கஞ்சி நாலு ஸ்பூன் குடித்துவிட்டு இப்போதுதான் கண் அசந்திருக்கிறாள். எழும்புவதற்குள் எழுதி முடித்து, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். தபாலில் போட்டால் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், அவ்வளவு நாள் நம் கையில் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்தால் இப்போது படிக்காதே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

முதலில் அம்மாவின் நிலைமையைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ பார்க்கிற அம்மா வேறு ஆள். அந்தப் பத்து நிமிஷத்துக்காகக் காலையிலேயே என்னைத் தலை சீவிவிடச் சொல்லி, முகத்துக்குப் பவுடர் போட்டு, முதுகுக்கு இரண்டு தலையணை முட்டுக் கொடுத்து, சால்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொள்வாள். நீ போனை வைத்ததும் அப்படியே சரிந்துவிடுவாள், பிறகு சாயங்காலம்வரை பேச்சில்லை. எடை முப்பத்தாறு கிலோ. முதுகுவலிக்காரன் நான், நானே தூக்கிக்கொண்டு போய்க் கக்கூஸில் உட்காரவைக்கிறேன் என்றால் நீயே புரிந்துகொள். போன மாதம் இருபத்துமூன்றாம் தேதியிலிருந்து வயிற்றுப்போக்கு மறுபடியும் தொடங்கிவிட்டது, இது நாலாவது தடவை. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவைக்குக் குறையவில்லை, சளியும் ரத்தமுமாகப் போகிறது. செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்கள். பெருங்குடல் வீங்கிக் கிடக்கிறதாம், ரத்தத்தில் சத்தே இல்லையாம், சிறுநீரகம் பாதி வேலைகூடச் செய்யவில்லையாம். ஆரோக்கியமான ஒருவருடைய மலத்திலிருந்து எடுத்து உள்ளே செலுத்துகிற வைத்தியம் என்று நீ சொன்னாயே, அதையும் கேட்டேன், என்னிடமிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எழுபத்திரண்டு வயசுக்காரரிடம் எடுக்க மாட்டார்கள் சார், அதுவும் சென்னைக்குத்தான் போக வேண்டும், இந்த உடம்பு அவ்வளவு தூரம் தாங்காது, ஆபரேஷனும் தாங்காது என்றார்கள். மருந்தை விடாமல் கொடுப்போம், ஆனால் பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிட்டால் நல்லது என்றும் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு வேலையைப் பற்றிக் கவலைப்படாதே. துணி துவைப்பதில் இப்போது தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு, அலசி, கொடியில் போட்டால் இந்த ஆடிக்காற்றுக்கு அரைமணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, நான் எடுக்கப் போவதற்குள் அடுத்தது ஊறிக்கொண்டிருக்கும். விரலெல்லாம் வெடித்து உப்புப் பட்டால் எரிகிறது, அது கிடக்கட்டும். நீ அனுப்பிய அந்தக் கைகழுவும் ஜெல் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாதாம், சோப்பும் தண்ணீரும்தான் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். சபையிலிருந்து பெண்கள் ஐக்கியத்தார் இரண்டு தடவை ஜெபிக்க வந்தார்கள். நாத்தம் அடிக்கு, யாரையும் உள்ள விடாதீய என்று அம்மா அழுதாள். அதனால் வாசலிலேயே நிறுத்தி, தூங்குகிறாள் என்று பொய் சொல்லி அனுப்பினேன். பொய் சொல்வது எனக்குப் பழகிப்போய்விட்டது ஜெசி, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் என் தப்பு எந்த இடத்தில் வருகிறது என்று தெரியும். கணக்கில் ஒரு படியை விட்டாலும் மார்க் கிடையாது என்று முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் காதைத் திருகியவன் நான். பிப்ரவரியில் அம்மாவுக்குச் சிறுநீரில் தொற்று வந்தது, அதற்குக் கொடுத்த மாத்திரை அதைக் குணமாக்கியது, ஆனால் குடலில் இருந்த நல்லதையெல்லாம் சேர்த்துக் கொன்றுவிட்டது. அந்த இடத்தில் இந்தக் கிருமி புகுந்துகொண்டது, மார்ச்சில் வயிற்றுப்போக்கு. நீ லீவு போட்டு வந்து ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து மாத்திரையில் குணமாக்கிவிட்டுப் போனாய். நீ விமானம் ஏறி இரண்டு வாரத்தில், ஏப்ரலில், திரும்ப வந்தது. அப்போதுதான் டாக்டரம்மா அந்த வான்கோமைசின் மருந்தை எழுதினார்கள். அறையில் அம்மாவிடம் விளக்கிச் சொல்லும்போது நான் இல்லை, சீட்டைப் பிடுங்கிக்கொண்டு கீழே மருந்துக்கடைக்குப் போய்விட்டேன், கூட்டம் சேருமுன் வாங்கிவிடலாம் என்று. சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைப் பொடி. அட்டைப்பெட்டியில் நரம்பு வழியாகச் செலுத்துவதற்கு என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. சீட்டில் இருந்த எழுத்தில் எவ்வளவு, எத்தனை வேளை என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. ஆட்டோவில் வரும்போது அம்மா சொன்னாள், டாக்டரம்மா இதைத் தண்ணியில கலந்து குடிக்கச் சொன்னாவ என்று. நான் சிரித்தேன். ஏட்டி ராணி, ஊசி மருந்தை எவனாவது குடிப்பானா, வெளிய சொல்லாத, கேட்டா சிரிப்பானுவ என்றேன். அவள் இன்னொரு தடவை சொன்னாள். பெட்டியை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, படிச்சுப் பாரு, அச்சுல போட்டவன் முட்டாளா, நீ கேட்டது சரியா என்று அதட்டினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு போன் போட்டு டாக்டரம்மாவிடமே கேட்டிருக்கலாம். கேட்பதா, நானா? மூன்றாம் வீட்டு சாரம்மாளைக் கூப்பிட்டேன், உனக்குத் தெரியுமே, நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்று இப்போது தெருவில் எல்லாருக்கும் ஊசி போட்டுவிடுகிறவள். அவளும் குப்பியைப் பார்த்துவிட்டு, சார், அக்கா இதைக் குடிக்கணும்னு சொல்லுதாவளே, ஒருக்கா கேட்டுக்கிடுவமா என்றாள். நான் பெட்டியைக் காட்டினேன். நான் காட்டியபிறகு அவள் என்ன செய்வாள், அவள் இரண்டு பிள்ளைகளும் என்னிடம் கணக்குப் படித்துப் பாஸானவர்கள். கையில் ஊசிக்குழாயைச் செருகி, நாலு வேளையும் வந்து பையப் பைய ஏற்றிவிட்டுப் போனாள். பத்து நாள். நரம்பு சிவந்து வீங்கும், வேறு இடம் தேடுவாள், அம்மா கையைத் திருப்பி நீட்டுவாள். கொடுமை என்னவென்றால் அந்தப் பத்து நாள் முடிந்ததும் வயிறு தானாகவே கொஞ்சம் நின்றது. பாத்தியா, குடிச்சிருந்தா இப்படிக் கேட்டிருக்குமா என்று மார்தட்டினேன். ஆமா என்றாள். அந்த ஆமாவை இப்போது நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே மாதம் பழையபடி வந்தது, முன்னைவிட மோசமாக. மருந்தை ஒழுங்கா எடுத்தாங்களா என்று டாக்டரம்மா கேட்டதற்கு ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியானால் அதையே பதினாலு நாள் கொடுங்கள் என்றார்கள். மறுபடியும் சாரம்மாள், மறுபடியும் ஊசி. பன்னிரண்டாம் நாள் நீ போன் செய்தாய். ஞாபகம் இருக்கிறதா? ஜூன் முதல் வாரம் டிக்கெட் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அப்பா, அந்த மருந்தைக் குடிக்கத்தானே கொடுக்கிறீர்கள், ரத்தத்தில் ஏற்றினால் குடலுக்குப் போய்ச் சேராது என்று கேட்டாய். நீ சாதாரணமாகத்தான் கேட்டாய். அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது ஜெசி, என் பெண்டாட்டி சரியாகக் கேட்டிருக்கிறாள், நான் தப்பாகப் படித்திருக்கிறேன் என்று. ஆமா, குடிக்கிறாள், நன்றாகக் கேட்கிறது, நீ எதற்கு மறுபடியும் லீவை வீணாக்குகிறாய், டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு என்றேன். நீ வந்தால் அவள் கையைப் பார்ப்பாய், பார்த்தால் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பாய். அதற்குப் பயந்துதான் உன்னை வரவிடாமல் செய்தேன். அதோடு விட்டேனா? மீதி இரண்டு நாளும் ஊசியே போட்டேன். நிறுத்தினால் ஏன் என்று சாரம்மாள் கேட்பாள், அவளிடம் என்ன சொல்வது? தெரியாமல் செய்ததற்கு ஆண்டவர் இரங்கலாம், தெரிந்தபின் செய்த அந்த இரண்டு நாளுக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை.

ஜூனில் மயங்கி விழுந்தாள், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே நர்ஸ் பெண் அதே குப்பியை உடைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, எவர்சில்வர் டம்ளரில் அம்மா கையில் கொடுத்தாள். அம்மா என்னைப் பார்க்காமல் ஒரே மடக்கில் குடித்தாள். அந்த நேரம் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா, இரண்டு கையிலும் கன்றிப்போயிருந்த நரம்பைப் பார்த்துவிட்டு, இது என்ன, வீட்டில் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். கசப்பு தாங்கல டாக்டரம்மா, எனக்குக் குமட்டுது, நான்தான் ஊசியா போடச் சொல்லி அடம்பிடிச்சேன், சார் வேண்டாம்னுதான் ஏசினாவ, நான் கேக்கல என்றாள். வார்டில் எட்டுக் கட்டில், அத்தனை பேரும் பார்க்க டாக்டரம்மா அவளை ஏசி உலுக்கிவிட்டார்கள். படித்த வீட்டில் இருந்துகொண்டு இப்படிச் செய்வார்களா, மருந்து இரண்டு சுற்று வீண், குடலும் போய் இப்போது சிறுநீரகமும் போய்க்கொண்டிருக்கிறது, அந்த ஊசியாலா உடம்பில் தண்ணீர் வற்றியதாலா என்று இனிப் பிரித்துச் சொல்லக்கூட முடியாது, உயிர்மேல் ஆசை இல்லையா உங்களுக்கு என்று கேட்டார்கள். தப்புதான் தாயி, தப்புதான் தாயி என்று அம்மா கையைக் கூப்பினாள். நான் கட்டிலின் கால்மாட்டில் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அப்பன், வகுப்பில் தப்புச் செய்தவன் தானாக எழும்பி நிற்கணும் என்று சட்டம் போட்டவன், நின்றுகொண்டுதான் இருந்தேன், பேசத்தான் இல்லை.

டாக்டரம்மா போனபிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அத்தனை பேருக்கு முன்னால உங்களை ஒருத்தர் ஏசினா நான் பாத்துக்கிட்டுக் கிடக்கவா, என்னை ஏசினா ஏசிட்டுப் போறாவ, நீங்க சாருல்லா என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெசிட்ட மட்டும் சொல்லிராதீய, அவளுக்கும் நான்தான் அடம்பிடிச்சேன்னே சொல்லிக்கிடுதேன், அவ நர்ஸு, உங்களை மன்னிக்க மாட்டா, நான் போன பொறவு உங்களுக்கு அவளை விட்டா யாரு இருக்கா என்றாள். வேதப்புத்தகத்தின்மேல் என் கையை வைக்கச் சொன்னாள். வைத்தேன். அதற்கப்புறம் மருந்தை ஒழுங்காகத்தான் குடிக்கிறாள், ஜூலையில் பத்து நாள் நன்றாகக்கூட இருந்தாள், நுங்கு கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன், உன் கல்யாணச் சொதிக்குழம்பில் உப்புக் கூடிப்போனதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் ஏமாந்து நம்பிவிட்டேன். இனி நம்பிக்கை இல்லை. சும்மா சொல்லவில்லை, டாக்டரம்மா முகத்தைப் பார்த்தேன்.

இதையெல்லாம் மூடி வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து சபை குரு வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு நற்கருணை கொடுத்தார். அம்மாவை உட்காரவைத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன், அப்பத்தில் நுனியளவு கிள்ளி வாயில் வைத்துக்கொண்டாள். அடுத்து என் பக்கம் கிண்ணத்தை நீட்டினார். மனசில் பொய்யை வைத்துக்கொண்டு அதை வாங்க எனக்குக் கை வரவில்லை. வயிறு சரியில்லை ஐயா என்றேன், அதுவும் பொய். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அவர் போனபிறகு, ஜெசிட்ட சொல்லணும்னு தோணுதா உங்களுக்கு என்று கேட்டாள். இல்லை என்றேன். சொல்லாதீய என்றாள். ஒரு வாரமாக இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். சொல்லாவிட்டால் எனக்கு நீ மிஞ்சுவாய், ஆனால் அம்மா தேறிவருகிறாள் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே இருப்பாய், அவள் உன்னைப் பார்க்காமலே போய்விடுவாள். நிலைமையை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால், அவள் சொல்லப்போகும் பொய்யை நம்பி நீயும் பழியை அவள்மேலேயே போடுவாய். உன்னை வரவிடாமல் ஒரு தடவை செய்தாகிவிட்டது, இன்னொரு தடவை செய்ய என்னால் முடியாது. அதனால் வேதப்புத்தகத்தின்மேல் வைத்த கையாலேயே இதை எழுதுகிறேன்.

உடனே புறப்படு. மாப்பிள்ளையிடம் சொல்லிப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வா, இந்தக் கிருமி உள்ள வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுவர வேண்டாம். திருவனந்தபுரத்தில் இறங்கினால் நாகர்கோவில் வழியாகச் சீக்கிரம் வந்துவிடலாம், காருக்குச் சொல்லி வைக்கிறேன். டிக்கெட் போட்டதும் என் போனுக்கு மட்டும் அனுப்பு. என்னிடம் பேச உனக்கு மனசில்லாவிட்டால் பேச வேண்டாம். எனக்கு மன்னிப்பு வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை, உன் இடத்தில் நான் இருந்தால் மன்னிக்க மாட்டேன். எவ்வளவு ஏச வேண்டுமோ அவ்வளவும் காம்பவுண்டுக் கதவுக்கு வெளியே நின்று ஏசிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போ.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதை மட்டும் செய். நீ கட்டிலில் உட்கார்ந்ததும் அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, நான்தான் ஊசி போடச் சொன்னேன், கசப்பு தாங்கல, அப்பா பாவம், ஒண்ணும் சொல்லிராத என்பாள். இப்போதே அதைப் படுத்தபடி மெதுவாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் துணி காயப்போடப் போகும்போது ஜன்னல் வழியாகக் கேட்டேன். நீ நம்பினதுபோல இரு. ஒன்றும் சொல்லாமல் அழுதுவிட்டால் அவளுக்குத் தெரிந்துபோகும். உனக்கு அறிவு இருக்காம்மா, மருந்தைக் குடிக்க மாட்டேன்னு அடம்பிடிப்பாங்களா என்று அவளை ஒரு வார்த்தை ஏசு. நர்ஸ் ஏசுகிறமாதிரி நன்றாகவே ஏசு. அப்போதுதான் அவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள்.

ஆண்டவர் உன் பிரயாணத்தில் கூட இருந்து, அவள் உயிரோடு இருக்கும்போதே உன்னை அவளிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். உன் வீட்டையும் உன் பிள்ளையையும் அவர் தம் கண்மணிபோல் காக்கட்டும். வீட்டுக்குள் வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவு. படித்து முடித்ததும் இந்தப் போட்டோக்களை அழித்துவிடு, அம்மா உன் போனை வாங்கிப் பேரப்பிள்ளை படம் பார்ப்பாள்.

எழும்பிவிட்டாள், கூப்பிடுகிறாள்.

உன் அப்பா,
கிருபைராஜ்